நாற்பத்தேழாம் பக்கத்து ‘எளிதில் விளங்கும்’

கான்ஸ்டன்டீன்
12 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா வர்தாவுக்கு,

ஸலாம். இங்கே கான்ஸ்டன்டீனில் நானும் ஸகிய்யாவும் பிள்ளைகளும் நலம். என் வயிறு எங்களைவிட நலம். எங்கே போனாலும் எனக்கு ஓர் எட்டு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. துகூர்த் பாலைவனத்தில் உன் உடம்பு எப்படி? லக்தர் மச்சானின் முழங்கால் மடங்குகிறதா? ரயில் எப்போது வரும் என்பது ஸ்டேஷன் மாஸ்டரான அவருக்குத் தெரிவதற்குள் அவருக்கு ஓய்வு வந்துவிடும் என்கிறாள் ஸகிய்யா. நான் சொல்லவில்லை, அவள் சொல்கிறாள்.

செய்திக்கு வருகிறேன். இனி பல்கலைக்கழகத்தில் கணிதமும் அரபியில்தான் என்று தலைநகரிலிருந்து தாள் வந்துவிட்டது. உனக்கென்ன, அப்பாவோடு டமாஸ்கஸ் போய்த் தூதரகத்து வீட்டில் வளர்ந்தாய். சூத்திரம்கூட வலமிருந்து இடமாக எழுதுவாய். என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டுப் போனீர்கள். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் பிசைந்த உருண்டை. இப்போது கரும்பலகையில் வலமிருந்து எழுதத் தொடங்கினால், என் சட்டைக் கையே பின்னால் வந்து எழுதியதை அழித்துவிடுகிறது. மாணவர்களுக்குக் கொண்டாட்டம், குறிப்பு எடுக்கிற வேலை இல்லை.

அதே தாளில் ஒரு நல்லதும் உண்டு. எங்கள் துறை வெளியிடப்போகும் முதல் அரபிப் புத்தகம் என்னுடைய பழைய பிரெஞ்சு ஆய்வேடு! மே மாதம் குழு கூடி ஒப்புதல் தந்தால் புத்தகம் அச்சுக்குப் போகும், நான் முழுப் பேராசிரியர். ஸகிய்யா என் அறைக்குத் திரைச்சீலைத் துணி எடுத்தாகிவிட்டது. மொழிபெயர்ப்பது ஹூரியா என்ற இளம் விரிவுரையாளர். அன்னாபா ஊர்க்காரி. மரியாதையான பெண். மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போகிறபோக்கில் ஒன்று. என் நண்பர் ஒருவர் தம் பழைய நிரூபணத்தில் ஒரு படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ‘இது எளிதில் விளங்கும்’ என்று அவரே எழுதிய இடம். இப்போது அவருக்கு விளங்கவில்லை. பாவம். நீ ஒரு காலத்தில் இந்த வகைக் கணக்கெல்லாம் பார்த்தவள் என்பதால் கேட்கிறேன். அவசரம் இல்லை, இந்த வாரம் எழுதினால் போதும்.

பாசமுள்ள தம்பி,
ஸுபைர்

*

துகூர்த்
30 அக்டோபர் 1984

அன்புள்ள தம்பி ஸுபைருக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் ஸலாம். நான் நலம். லக்தரின் முழங்கால் மழைக்கு முந்தின நாள் வலிக்கும். இங்கே மழை கிடையாது, ஆகவே நலம். பேரீச்சை இறங்கிவிட்டது. ஒரு பெட்டி அனுப்புகிறேன், ஸகிய்யாவிடம் கொடு. உன்னிடம் கொடுத்தால் அவளிடம் கொட்டை போய்ச் சேரும்.

எனக்குத் தெரிந்து உனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் உனக்கு முடி வெட்டுகிறார். இன்னொருவர் மதில் விவகாரத்தில் உன்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். இவர்களில் யார் நிரூபணம் எழுதியது?

போகட்டும். அந்த வரியையும் அதற்கு முந்தின வரியையும் உள்ளபடி எழுதி அனுப்பச் சொல். நான் இப்போது பெண்கள் பள்ளியில் பின்னமும் விகிதமும் சொல்லித் தருகிறவள், பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்.

உன் அக்கா,
வர்தா

*

கான்ஸ்டன்டீன்
9 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாமும் விசாரிப்பும். பேரீச்சை வந்தது. கொட்டைகளை ஸகிய்யாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நண்பர் புதியவர், உனக்குத் தெரியாது. அவருடைய தேற்றத்தில் இரண்டு செயல்கள் வருகின்றன; ஏ, பி என்று வைத்துக்கொள். நாற்பத்தாறாம் பக்கம் வரை அவர் காட்டியிருப்பது: முதலில் பி-யைச் செய்து, அடுத்து ஏ-யைச் செய்தால் எல்லாம் அழிந்து சுழியாகிவிடும். நாற்பத்தேழாம் பக்கத்தின் முதல் வரி: முதலில் ஏ, அடுத்து பி, இப்படிச் செய்தாலும் சுழி. ‘இது எளிதில் விளங்கும்.’ அதற்கு மேல் நான்கு பக்கம் அந்த வரியின் தலையில்தான் ஏறி நிற்கிறது. அதுதான் ஆய்வேட்டின் உயிரே. மற்றதெல்லாம் அட்டை.

இதற்கிடையில் ஹூரியா என் கதவைத் தட்டினாள்.

“உஸ்தாத், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு வரி.”

“எளிதில் விளங்கும்னு போட்டிருக்கே, பாக்கலையா?”

“பாத்தேன் உஸ்தாத். அந்த வாக்கியத்த மொழிபெயர்த்துட்டேன். அது எனக்கு விளங்கல, அதான்.”

“ரெண்டு நாள் யோசிச்சுப் பாருங்க. கணக்குல அவசரம் கூடாது.”

“பதினாறு நாள் யோசிச்சேன் உஸ்தாத்.”

சரியாக அப்போது எனக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. மறுநாளும் போக வேண்டியிருந்தது. இந்த வாரத்தில் நான் போன தடவைகளுக்கு வாயில் அவ்வளவு பல் கிடையாது. இப்போதெல்லாம் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டால் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். நேற்று அங்கேயே பதினெட்டு விடைத்தாள் திருத்தினேன். எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். உள்ளே இருப்பவனுக்குக் கருணை பெருகுகிறது.

(ஹூரியா கேட்பது வேறு வரி. நண்பருடையதும் நாற்பத்தேழாம் பக்கமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.)

தம்பி,
ஸுபைர்

*

துகூர்த்
28 நவம்பர் 1984

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம். உன் பல்லைப் பார்த்துக்கொள்.

உன் நண்பரிடம் சொல்: பெரிய தேற்றத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நான்கே கட்டம் உள்ள சின்ன அணிகள் இரண்டை எடுக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தில் ஒன்று, மற்றதில் சுழி. இப்படியும் அப்படியும் பெருக்கிப் பார்க்கட்டும். பள்ளிப் பிள்ளை செய்கிற வேலை. வெட்கப்பட்டால் கழிவறையில் வைத்துச் செய்யலாம்.

சாவியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவது வேறு, கதவைச் சாத்திவிட்டுச் சாவியை எடுக்கப் போவது வேறு. எல்லாச் செயலையும் வரிசை மாற்ற முடியாது. முந்தின வரியிலிருந்து இந்த வரி எனக்கு எளிதில் விளங்கவில்லை. எளிதில் என்ன, எப்படியும் விளங்கவில்லை.

அவருக்கு இந்தப் படி எங்கிருந்து கிடைத்ததாம்?

அக்கா,
வர்தா

*

கான்ஸ்டன்டீன்
20 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்ன சின்ன அணிகளை நண்பர் போட்டுப் பார்க்கவில்லை. சின்ன உதாரணம் சின்ன மனிதர்களுக்கு என்றார். கர்வம் பிடித்த ஆள். ஆனால் வேறொருவர் போட்டுக் காட்டிவிட்டார். எங்கே தெரியுமா? எங்கள் கட்டடத்து லிஃப்டில்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை உள்ளே நீண்டது. ஹூரியா. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஓர் இருமல் இருமி நின்றுவிட்டது. மேலேயிருந்து காவலாளி கத்துகிறான்: “அசையாம இருங்க உஸ்தாத்! யாரும் எங்கயும் போயிடாதீங்க!”

“எங்கடா போறது?” என்றேன்.

அவள் மரியாதையாக ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு, “உஸ்தாத், பல்லு இப்ப எப்படி இருக்கு?”

“பரவால்ல.”

“அப்ப அந்த வரியப் பாத்துடலாமா?”

“காகிதம் இல்லையேம்மா.”

அவள் லிஃப்டுக் கண்ணாடியில் ஹா என்று மூச்சு விட்டாள். அந்தப் பனிப்படலத்தில் விரலால் இரண்டு கட்டம் போட்டாள். நான்கு நான்கு அறை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஒன்று. ஒரு வரிசையில் பெருக்கினாள், எல்லாம் சுழி. மறுபடி ஹா. மறு வரிசையில் பெருக்கினாள், மூன்று சுழி, ஒரு ஒன்று. அந்த ஒன்று என் முகத்துக்கு நேரே, மூக்கின் மேல் நின்றது.

“அதாவது உஸ்தாத், ஒரு பக்கம் சுழின்னா மறு பக்கமும் சுழின்னு சொல்ல முடியாது.”

“தெரியுது.”

“அப்ப வரி தப்பு.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மேல காவலாளி இருக்கான்.”

“அவருக்குக் கணக்குத் தெரியாது உஸ்தாத்.”

“நாலு மாடிக்கும் செய்தி கொண்டுபோறதுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம்மா.”

நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது அவள் சொன்னாள்: “நான் யார்கிட்டயும் சொல்லல உஸ்தாத். பிப்ரவரி முடியறதுக்குள்ள நீங்களே சரிபண்ணிக் குடுத்துடுங்க. இல்லேன்னா குழுகிட்ட என் குறிப்புல எழுதித்தான் ஆகணும்.” மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் வருத்தத்தோடு சொன்னாள்.

அக்கா, நண்பர் கதையை விடு. அந்த வரி என்னுடையது. பதினோரு வருஷமாக மாணவர்களுக்கு அந்தத் தேற்றத்தைக் கற்பித்தேன், நாற்பத்தேழாம் பக்கம் வந்தால் மணியைப் பார்ப்பேன். ஏதாவது வழி சொல்.

ஸுபைர்

*

கான்ஸ்டன்டீன்
25 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். என் கடிதத்துக்கு ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மச்சானுக்கு? ரயில் நின்றுவிட்டதா? இங்கே பனி விழுந்து பாலங்களெல்லாம் வெள்ளை. தபால்காரர் மட்டும் வருகிறார், மின்சாரக் கட்டணச் சீட்டோடு.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். அந்த வரியை எடுத்தால் நான்கு பக்கம் விழுகிறது. நான்கு பக்கம் விழுந்தால் தேற்றம் விழுகிறது. தேற்றம் விழுந்தால் மிஞ்சுவது முன்னுரையும் பெயர்ப் பட்டியலும். புதிய நிபந்தனை சேர்த்தால் வரி நிற்கிறது, ஆனால் தேற்றம் யாருக்கும் பயன்படாத ஒன்றைச் சொல்கிறது. ஸகிய்யா கேட்கிறாள், “மே மாசம் விருந்துக்கு ஆடு சொல்லணும், ஒண்ணா ரெண்டா?” நான் “இது எளிதில் விளங்காது” என்றேன். அவள் இரண்டு சொல்லிவிட்டாள்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. 73 குளிர்காலத்தில் நான் ஆய்வேட்டில் முட்டிக்கொண்டு நின்று உனக்குப் புலம்பி எழுதினேன். நீ கூஸ்கூஸ் மாவுப் பையோடு நான்கு தாள் அனுப்பினாய். ஞாபகம் இருக்கும். அந்தத் தாள்களைத் தேடிப் பார்த்தேன். ஸகிய்யா ஜாம் அலமாரிக்கு அடியில் விரித்துவிட்டாள் போலிருக்கிறது. விரித்ததும் பழசு, அலமாரியும் இப்போது இல்லை.

அதில் என்ன எழுதியிருந்தாய்?

ஸுபைர்

*

துகூர்த்
14 பிப்ரவரி 1985

ஸுபைர்,

எழுதாமல் இருந்தது எழுத ஒன்றும் இல்லாததால் அல்ல.

ரயில்காரரைக் கட்டிக்கொண்டதில் ஒரு லாபம். இந்த வீட்டிலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் கார்பன் வைக்காமல் போகாது. நான்கு தாளின் நகலும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

என் வரி சரி. உன் வரி தப்பு. இரண்டும் ஒரே வரிதான்.

அந்தத் தாளை நீ எந்தப் பக்கமிருந்து படித்தாய்?

வர்தா

*

கான்ஸ்டன்டீன்
23 பிப்ரவரி 1985

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், யாரோ செத்துவிட்டதாக நினைத்து.

இடப் பக்கமிருந்து படித்தேன் அக்கா. வாக்கியங்களைத் தடவித் தடவி அரபியில் படித்தேன். சூத்திரம் வந்தால் படிக்கவில்லை, பார்த்து எழுதினேன். உன் எழுத்துக்குப் பதில் என் எழுத்து, இடமிருந்து ஒவ்வொன்றாக. நீ வலமிருந்து எழுதியது என் ஆய்வேட்டில் தலைகீழாக நின்றுவிட்டது. நாற்பத்தாறாம் பக்கம் வரை என் வண்டி, நாற்பத்தேழிலிருந்து உன் வண்டி. இரண்டும் எதிரெதிராக வந்து அந்த முதல் வரியில் முட்டிக்கொண்டிருக்கின்றன. பதினோரு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்வாளர்கள் மூன்று பேர், ஒருவர் தூங்கினார், எனக்குத் தெரியும்.

வலமிருந்து படித்தால் உன் வரி சொல்வது, முதலில் பி, அடுத்து ஏ. நாற்பத்தாறாம் பக்கத்தில் நான் காட்டியதும் அதேதான். நிஜமாகவே எளிதில் விளங்கும்! நான்கு பக்கத்தையும் திருப்பி எழுதினேன், தேற்றம் நிமிர்ந்து நின்றது. ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஸகிய்யா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் ஹூரியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். நிமிர்ந்தாள்.

“சரியா இருக்கு உஸ்தாத். ஆனா ஒண்ணு கேக்கலாமா? முதல்ல எப்படித் தப்பாச்சு?”

“கை தவறிடுச்சும்மா.”

“நாலு பக்கமும் ஒரே மாதிரியா? நானும் அரபித் தாள்லேருந்து பிரெஞ்சுக்குக் காப்பி எடுக்கறப்ப இந்தத் தப்பப் பண்ணியிருக்கேன். சொந்தமா யோசிச்சு எழுதறவங்களுக்கு இது வராது. அடுத்தவங்க தாளப் பாத்து எழுதினாத்தான் வரும்.”

“நான் அரபியிலதான் யோசிப்பேன்” என்றேன்.

அவள் என் சட்டைக் கையில் இருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்தாள்.

இதுதான் என் நிலைமை. தப்பை அப்படியே விட்டால் மாட்டிக்கொள்வேன். திருத்தினால், திருத்தமே என்னைக் காட்டிக்கொடுக்கிறது. நன்றியுரையில் எட்டுப் பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். தட்டச்சுக்காரருக்கு, தேநீர் கொண்டுவந்தவருக்கு, டைப் மிஷின் இரவல் தந்த சித்தப்பா மகனுக்கு. இந்த இடத்தில் நான் எழுத வேண்டியதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

என்ன செய்யட்டும்?

ஸுபைர்

*

துகூர்த்
15 மார்ச் 1985

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் நலம். மணல் காற்று தொடங்கிவிட்டது. கதவிடுக்கில் ஈரத்துணி செருகி வைத்து, பள்ளியிலிருந்து வந்ததும் கூட்டி, மறுபடி செருகி வைக்கிறேன்.

எட்டுப் பேர் என்று எனக்குத் தெரியும். 74-ல் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிரதி அப்போதே வந்துவிட்டது. நன்றியுரையைத்தான் முதலில் படித்தேன், இரண்டு தடவை எண்ணினேன். அப்போது என் தையல் மிஷினின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஆடவில்லை. நல்ல தடிமனான ஆய்வேடு.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். உனக்கு நாற்பது வயசு.

வேறொன்று சொல்ல வேண்டும். நகலை எடுத்ததிலிருந்து இதுதான் தொண்டையில் நிற்கிறது. நான்காம் தாளின் கடைசி வரியைப் பார். உன் ஆய்வேட்டில் ஐம்பதாம் பக்கமாக இருக்கும். அங்கே நானும் ‘எளிதில் விளங்கும்’ என்று எழுதியிருக்கிறேன். அன்று அடுப்பில் பால், இடுப்பில் மூத்தவன், லக்தர் தபால் பை கட்டப்போகிறேன் என்று வாசலில் நிற்கிறார். வரி அப்போது எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு உட்கார்ந்து பார்த்து இன்னொரு தாளில் அனுப்பலாம் என்று போட்டேன். பிறகு உட்காரவில்லை.

அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் என்று எனக்குத் தெரியாது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அக்கா,
வர்தா

*

கான்ஸ்டன்டீன்
4 மே 1985

என் அன்புக்குரிய அக்காவுக்கு,

ஸலாம், ஸலாம், ஆயிரம் ஸலாம். நலமா? நான் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டு ஆட்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை குழு கூடியது. தலைவர் ஸி பூஸித், இன்னும் இரண்டு பேர், கரும்பலகைக்குப் பக்கத்தில் ஹூரியா. திருத்திய நான்கு பக்கத்தையும் புரட்டிவிட்டுத் தலைவர் கேட்டார்:

“இவ்வளவு திருத்தம் எதுக்கு ஸுபைர்? பழசு நல்லாத்தானே இருந்தது?”

“பழசு தப்புங்க.”

“யார் சொன்னா?”

“நான்தான். பழசு நான் காப்பி அடிச்சது. தலைகீழா அடிச்சுட்டேன்.”

அவருக்கு ஒரு காது மந்தம். நல்ல காதைத் திருப்பினார். “திருப்பிச் சொல்லு.”

திருப்பிச் சொன்னேன். “அந்த நாலு பக்கம் என் அக்கா வர்தா எழுதினது. துகூர்த்துல பள்ளிக்கூட டீச்சர். டமாஸ்கஸ்ல படிச்சவங்க. நான் அவங்க பேரப் போடல.”

மூன்றாமவர் மெல்ல, “அப்ப உனக்கு டாக்டர் பட்டம் குடுத்தது...?”

“மீதி நூத்திப் பன்னெண்டு பக்கம் நான் எழுதினதுதாங்க. அத யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, அதுதான் வருத்தம்.”

ஹூரியா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் உடனே ஐம்பதாம் பக்கத்தை எடுத்து நீட்டினாள். “இந்தக் கடைசி வரியும் எனக்கு விளங்கல உஸ்தாத். இது காப்பித் தப்பு இல்ல. ரெண்டு பக்கமிருந்தும் படிச்சுப் பாத்துட்டேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அத எழுதினவங்களத்தான் கேக்கணும்” என்றேன்.

முடிவு: என் பதவி உயர்வு நிறுத்தி வைப்பு. புத்தகமும் நிறுத்தி வைப்பு. அந்த வரி தெளிவானதும் இரண்டு பெயரோடு அச்சுக்குப் போகும், உன் பெயர் முதலில். உனக்கு விடுப்புக் கேட்டு உன் பள்ளிக்கூடத்துக்கும் எழுதுவார்கள். எனக்கு என்ன சுகமாக இருக்கிறது தெரியுமா, அக்கா! நடையே மாறிவிட்டது. கழிவறைக்குக்கூட இப்போது உரிய காரணத்துக்காகவே போகிறேன்.

உன்னைத் தலைகுனிய வைத்த தம்பி, இன்று உன்னால் நிமிர்ந்தவன்,
ஸுபைர்

*

துகூர்த்
20 மே 1985

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். லக்தர் நலம். நாளை நோன்பு தொடங்குகிறது. உன் வீட்டில் எல்லோருக்கும் நல்ல நோன்பாக அமையட்டும்.

குழுவின் கடிதம் வந்தது. பேராசிரியைக்கு எழுதுவதுபோல ‘உஸ்தாதா வர்தா’ என்று முகவரி. அது யார் என்று தபால்காரர் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் விசாரித்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, “உங்க வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?” என்றார். நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். முப்பது நாளுக்குள் ஐம்பதாம் பக்கத்துக் கடைசி வரிக்கு விளக்கம் அனுப்ப வேண்டுமாம்.

“எழுதினவங்களத்தான் கேக்கணும்.” அதைச் சொன்னபோது உனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று இங்கிருந்தே தெரிகிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன் என்று நான் எழுதியிருந்ததை நீ மறக்கவில்லை, அதுவும் தெரிகிறது. கோபம் இல்லை. இருந்தது. ஸ்டேஷன் வரை நடந்துபோய்த் திரும்பினேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பதில் எழுத வேண்டாம். நான் பதினோரு வருஷமாக மனசுக்குள் ஒன்றைச் சொல்லிக்கொண்டு இருந்தேன். அப்பா என்னை டமாஸ்கஸிலேயே விட்டு வந்திருந்தால், ஒரு மாதம் யாரும் கூப்பிடாமல் உட்கார முடிந்திருந்தால், அந்த வரி எனக்கு விளங்கியிருக்கும் என்று. பள்ளியில் பின்னம் சொல்லித் தரும்போது, மாவு பிசையும்போது, மணல் கூட்டும்போது. அப்பாமேல் கோபம் வரும், உன்மேல் வரும், லக்தர்மேல்கூட வரும். அதற்குப் பிறகு மனசு அடங்கிவிடும். அது எனக்குப் பழகிப்போன வசதி.

இப்போது பள்ளியில் விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். லக்தர் ஸ்டேஷனிலேயே சாப்பிடுகிறார். மூத்தவன் வாசலில் நின்று, “அம்மா கணக்கு போடறாங்க, யாரும் உள்ள வராதீங்க” என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறான். மேசையைத் துடைத்து, தாள் அடுக்கி, பென்சில் சீவி வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாளாக உட்கார்ந்திருக்கிறேன். வரி விளங்கவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்று இனி யாரிடமும் நான் சொல்ல முடியாது, ஸுபைர்.

வர்தா